லேக் ஒஃப் த வூட்ஸில் செப்டெம்பர்ப் பிக்கரல்

அன்பின் மச்சான்,

நலம். உன் கடிதம் கிடைத்தது. செப்டெம்பர் இரண்டாம் கிழமை லேக் ஒஃப் த வூட்ஸ் ஏரிக்கரையில் இருக்கிற கெனோராவுக்குப் பிக்கரல் (வொலாய்) மீன் பிடிக்க வர லீவு போட்டுவிட்டாய் என்றது நல்ல செய்தி. ரொறன்ரோவிலிருந்து காரில் வந்தால் 1,800 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். வினிபெக்கில் விமானத்தால் இறங்கினால் அங்கிருந்து 200 சொச்சம்தான். ஜிக் (ஈயத் தலை வைத்த தூண்டில் ஊசி), நூல் எல்லாம் இங்கே வாங்கலாம். தூண்டில் தடியை மட்டும் குழாயில் போட்டுக் கொண்டு வா.

இங்கே இரவு குளிரத் தொடங்கிவிட்டது. இன்று காலை மேல் தண்ணீர் 17 பாகை. நீ வரும்போது 15க்கு இறங்கியிருக்கும். ஓகஸ்டில் மீன் நின்ற இடங்களை வரைபடத்தில் குறித்து வைத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதை நம்பி வராதே. செப்டெம்பர் பிக்கரல் இடம்பெயரும் மாதம். ஒரு பகுதி மீன் இன்னும் 28, 30 அடிச் சேற்றிலேயே கிடக்கும். மற்றது தண்ணீருக்குள் மேடாக நிற்கிற கற்பார்களுக்கும், முனைகளுக்கும், இரண்டு தீவுக்கு நடுவே தண்ணீர் ஒடுங்கி ஓடுகிற இடங்களுக்கும் ஏறிவிடும். அதை இழுத்துக்கொண்டு போவது இரைமீன். எமரால்ட் ஷைனர் என்கிற அந்தச் சின்ன மீன் கூட்டம் எந்தப் பாரோடு ஒட்டுகிறதோ அங்கேதான் பிக்கரலும். தெற்கே அமெரிக்காவின் மின்னசோட்டாப் பக்கத்தில் இதே ஷைனர்தான் மாதக் கடைசியில் ரெய்னி ஆற்று வாயை நோக்கித் திரளும், பின்னால் மீனும் போகும்.

ஆகவே காலையில் தூண்டில் போடுவதற்கு முன் அரை மணி நேரம் சும்மா ஓடிப் பார். காற்று அடிக்கிற பக்கத்து முனையில் தொடங்கு. அலை இரைமீனை அந்தக் கரைக்குத் தள்ளும், கலங்கின தண்ணீரில் வெளிச்சமும் குறையும். பிக்கரலின் கண்ணுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அடிக்கிற படலம் இருக்கிறது. மங்கலில் ஷைனரை விட அதற்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் கண்ணாடி மாதிரித் தண்ணீர் கிடக்கிற வெயில் மத்தியானம் வீண். நீர்ச்செடி நிற்கிற இடத்தில் பச்சையாக இருந்தால் பார், பழுத்துப் பழுப்பாகிவிட்டால் விட்டுவிடு.

இனி உன் கேள்வி. மீன்காட்டும் கருவியின் திரையில் மீன் தெரிந்தும் ஏன் கடிக்கவில்லை? மூன்று காரணம் இருக்கலாம். முதலாவது, அது பிக்கரலே இல்லை. நடுத்தண்ணீரில் தெரிகிற பெரிய வளைவுகள் பெரும்பாலும் துலிபீ என்கிற வேறு மீன். பிக்கரல் தரையோடு ஒட்டிக் கிடக்கும், திரையில் தரைக்கோடு கொஞ்சம் தடித்தது மாதிரித்தான் தெரியும். கடைசி ஐந்து அடியைப் பெருப்பித்து வைத்துப் பார். இரண்டாவது, மீன் உன் ஜிக்குக்குப் பக்கத்திலேயே இல்லை. கருவியின் ஒலியலை கூம்பாக விரிந்து இறங்கும். 20 பாகைக் கூம்பு 30 அடி ஆழத்தில் பத்து அடி அகலத்தைப் பார்க்கிறது. அந்தப் பத்து அடிக்குள் எங்கே நின்றாலும் திரை காட்டும். மூன்றாவதுதான் அதிகம் நடப்பது: நீ ஜிக்கை ஆட்டிக்கொண்டே இருந்திருப்பாய்.

ஜிக் எடைக்கு ஒரு கணக்கு: பத்து அடிக்கு 1/8 அவுன்ஸ். 20 அடியில் 1/4, 30 அடியில் 3/8. காற்றோ ஓட்டமோ இருந்தால் ஒரு படி கூட்டு. நூல் செங்குத்தாக நிற்க வேண்டும். சரிந்து போனால் எடை போதவில்லை, அல்லது போட் ஓடுகிறது. இந்த ஏரித் தண்ணீர் தேயிலைச் சாயம் மாதிரி, அதனால் தங்க நிறம், செம்மஞ்சள், இளஞ்சிவப்பு எடுக்கும். தடி ஆறரை அடி, நுனி இளகினது. 10 றாத்தல் பின்னல் நூல், முன்னுக்கு நான்கு அடி 8 றாத்தல் ஃப்ளோரோகார்பன் நூல். கூர்ப்பல் பைக் மீன் வந்து நூலை அறுக்கும்தான், அதற்காகக் கம்பி கட்டாதே. கம்பி கட்டினால் கடி குறையும். கொழுவி போடாமல் ஜிக்கை நேராகவே முடிந்துவிடு.

ஷைனரைக் கோர்க்கிற விதத்தில்தான் பலர் பிழை விடுகிறார்கள். உதட்டில் மட்டும் குத்தினால் மீன் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும், உனக்கு வெறும் ஊசி மிஞ்சும். வாயால் ஊசியை விட்டுப் பூ (செவுள்) வழியாக வெளியே எடு. முழு ஊசியும் வந்த பிறகு அதைத் திருப்பி, இயன்றவரை வால் பக்கமாக உடம்புக்குள் குத்தி முதுகால் நுனியை வெளியே கொண்டு வா. ஜிக் தலை ஷைனரின் வாயோடு இறுகி இருக்க வேண்டும், உடம்பு நேராக இருக்க வேண்டும். வளைந்திருந்தால் கீழே போகும்போது சுழலும், நூல் முறுக்கேறும். உறைந்த ஷைனரை ஒரேயடியாக இளகவிடாதே. நாலைந்தாக எடுத்து, கொஞ்சம் கல்லுப்புத் தூவி வை, தசை இறுகும். ஒருமுறை இளகியதைத் திரும்ப உறைய வைத்தால் கூழாகிவிடும்.

ஜிக் தரையைத் தட்டினதும் அரை அடி தூக்கு. பிறகு ஒன்றும் செய்யாதே, பத்து எண்ணு. ஓரடி தூக்கி, நூல் தளராமல் இறங்க விடு. திரும்பப் பத்து. கடி இறங்கும்போது வரும், அல்லது சும்மா நிற்கும்போது வரும். செப்டெம்பரில் அது ‘டக்’ என்று இருக்காது. ஈரத் துணி தொங்குகிற மாதிரி ஒரு கனம், அவ்வளவுதான். அந்தக் கனம் தெரிந்ததும் தடி நுனியை ஒரு சாண் தாழ்த்தி, பிறகு இழுவையாகத் தூக்கு. வெடுக்கென்று அடித்தால் ஊசி மீன் வாயிலிருந்து பறித்துக்கொண்டு வந்துவிடும்.

தடி நுனி வளையத்தில் நனைந்த பஞ்சு மாதிரி ஒரு சளி சேரும். அது முள் நீர்த்தெள்ளு என்கிற சிற்றுயிர், வெளியூரிலிருந்து இந்த ஏரிக்கு வந்து சேர்ந்தது. சேர்ந்தால் நூல் ஓடாது. நகத்தால் வழித்து எறி. திரும்பிப் போகும்போது போட்டை வடித்துக் காயவிடு, வேறு குளத்துக்குக் கொண்டு போகாதே.

நங்கூரம் முன்பக்கத்தால் மட்டும். 25 அடி ஆழத்துக்கு 125 அடிக் கயிறாவது விடு, குறைந்தால் இழுபடும். இங்கே காற்று நம்மூர்ச் சோளகம் மாதிரி நாள்கணக்காக ஒரே பக்கம் நிற்காது. குளிர்முகம் (குளிர்காற்றின் முன்னணி) ஒன்று கடந்தால் ஒரு மணி நேரத்தில் தெற்கிலிருந்து வடமேற்குக்குத் திரும்பிவிடும். ஏரியின் தெற்கே பிக் ட்ராவர்ஸ் பக்கம் விரிந்த, ஆழமில்லாத தண்ணீர். அலை குட்டையாக, செங்குத்தாக எழும்பும். கெனோராப் பக்கத்தில் தீவுகளின் மறைப்பு உண்டு, ஆனால் தண்ணீருக்குக் கீழே கல். காலைப் பனிமூட்டத்தில் வரைபடக் கருவி இல்லாமல் வேகம் போடாதே.

மாதம் முடிகிற நேரம் ஆழப்பகுதியில் தண்ணீர் புரளும். மேல் தண்ணீர் குளிர்ந்து கனத்துக் கீழே போக, அடித்தண்ணீர் மேலே கலக்கும். அழுகின செடித் துண்டு மிதக்கும், ஒரு மாதிரி மணக்கும். அங்கே சில நாள் மீன் சிதறிக் கிடக்கும், கடிக்காது. ஆழமில்லாத குடாவுக்கு மாறிவிடு. அது கோடை முழுக்கக் காற்றிலேயே கலங்கிக் கிடப்பதால் பெரிய மாற்றம் இருக்காது. நீ வருகிற கிழமைக்கு இந்தக் கவலை வராது என்று நினைக்கிறேன்.

சட்ட விஷயம். உயிர் இரைமீனை வேறு மாகாணத்திலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ ஒன்ராறியோவுக்குள் கொண்டு வரக் கூடாது. இங்குள்ள கடையில் வாங்கு, ரசீதைச் சட்டைப் பையில் வை. எல்லைக்கோடு ஏரிக்குள்ளேயே ஓடுகிறது. அதைத் தாண்டினால் மின்னசோட்டா லைசென்ஸ் வேண்டும். அந்தப் பக்கம் 19.5 முதல் 28 அங்குலம் வரையான மீனை விட்டுவிட வேண்டும், முட்டையிடுகிற பெட்டைகள் பெரும்பாலும் அந்த அளவில்தான். இந்தப் பக்கத்து எண்ணிக்கையும் அளவும் லைசென்ஸ் வகையைப் பொறுத்தது, இந்த வருஷப் பட்டியலைப் பார்த்துக்கொண்டு வா.

விட வேண்டிய மீனை 30 அடிக்குக் கீழே தேடாதே. பிக்கரலின் காற்றுப்பைக்கும் தொண்டைக்கும் குழாய்த் தொடர்பு இல்லை. ஆழத்திலிருந்து வேகமாகத் தூக்கினால் பை ஊதி, வயிறு வாயால் தள்ளும். திரும்ப விட்டாலும் மிதக்கும், கடற்காகம் கொத்தும். சமைக்க வேண்டிய அளவு கிடைத்ததும் ஆழத்தை விட்டு வெளியே வா. நல்ல மீன் வரட்டும் என்று அங்கேயே இருந்து பிடித்துப் பிடித்து விடுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான்.

வெட்டும்போது கன்னத் தசையை எறிந்துவிடாதே, அதுதான் திறம். வீட்டுக்குக் கொண்டு போகிற துண்டில் தோல் ஒரு பக்கம் இருக்கட்டும், என்ன மீன் என்று அதிகாரி பார்ப்பார். குழம்பு வைப்பதென்றால் எலும்போடு வெட்டு. ஃபில்லெட் துண்டு புளியில் கொதித்தால் உதிர்ந்து கரைந்துவிடும், அதைப் பொரிக்கத்தான் நல்லது. வறுத்த கறித்தூள் இங்கே முடிந்துவிட்டது. ஸ்காபரோவிலிருந்து இரண்டு பைக்கற் கொண்டு வா, உறைப்பானதாகப் பார்த்து.

அன்புடன்,
உன் நண்பன்