கடல் பசுவுக்குச் சேலத்திலும் ஒரு பலகை

ஆசிரியருக்கு,

கடல் பசு என்னும் கடல்வாழ் பாலூட்டி பற்றிச் செய்தி வந்தால், அது ராமநாதபுரத்துப் பக்கத்து விஷயம் என்று சேலத்துக்காரர்களான நாங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஆனால் இன்று உயிரோடிருக்கும் பெரிய நில விலங்குகளில் அதற்கு மிக நெருங்கிய உறவு யானைதான். வளர்ந்த ஆணுக்குச் சிறு தந்தம்கூட உண்டு!

கடற்புல்லை மேய்ந்தே 400 கிலோ வரை வளரும் இவ்விலங்கு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சுவிட வேண்டும். வலையில் சிக்கினால் மூச்சுமுட்டிச் சாவுதான். ஓராண்டுக்கு மேல் சுமந்து ஈனுவது ஒரே கன்று. அடுத்த ஈற்றுக்கு 3 முதல் 7 ஆண்டுகள் ஆகும். இப்படி மெதுவாகப் பெருகும் இனத்தில் சில சாவுகளே பெரிய அடி. இதன் உறவான ஸ்டெல்லர் கடல் பசு 1741இல் கண்டறியப்பட்டு, 27 ஆண்டுகளில் வேட்டையாடப்பட்டே அழிந்தது. இப்போது இந்த வகையில் மிச்சம் நம் கடல் பசுவும், மனாட்டி என்ற நீர்வாழ் விலங்கின் மூன்று இனங்களும்தான்.

2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழக அரசு கடல் பசுக் காப்பகமாக அறிவித்தது. சரி, நல்ல காரியம். ஆனால் கடலடிப் புல்தரையைச் சுரண்டும் இழுவை மடி வலைகளைக் கண்காணிக்காவிட்டால் அறிவிப்பு காகிதத்தோடு நின்றுவிடும். சேலம் கடைகளில் வாங்கும் கடல் மீன் எந்த வலையில் வந்தது என்று நாங்களும்தான் கேட்பதில்லை.

சேர்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவில் கடல் பசு, யானை உறவை விளக்கும் படப் பலகை ஒன்றை வனத்துறை வைக்கலாம். பெரிய செலவில்லை. பள்ளி விடுமுறைக்கு முன் வைத்தால் நல்லது.

வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்