வளைவு கட்டியது போதும் ஐயா, டயாலிசிஸ் அறையைத் திறக்க உதவுங்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நம் ஊர் அரசு மருத்துவமனைக்கு உங்கள் அறக்கட்டளை டயாலிசிஸ் மெஷின்கள் வாங்கிக் கொடுத்தது ஊருக்கே தெரியும், நான் திரும்பச் சொல்லத் தேவையில்லை. அந்த அறை ஏழு மாதமாகப் பூட்டிக் கிடப்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாங்கள் இரண்டு முறை மனு கொடுத்தோம், உங்கள் அலுவலகத்தில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள்.

போன திங்கட்கிழமை பேருந்து நிலையத்துக்கு முன்னால் நீங்கள் கட்டிக் கொடுத்த அலங்கார வளைவுக்குத் திறப்பு விழா. அன்று என் அம்மாவுக்கு டயாலிசிஸ் நாள். இங்கே அறையைப் பூட்டியதிலிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குத்தான் போகிறோம், வாரத்துக்கு இரண்டு நாள். காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும் என்றால் மூன்றே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நான்கு மணி நேரம் மெஷினில் இருந்துவிட்டு எழுந்திருக்கும்போது பிரஷர் இறங்கியிருக்கும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ஆபரேஷன் செய்து ஃபிஸ்டுலா போட்ட கையை யாரும் இடித்துவிடக் கூடாது என்று அவரை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு நான் இந்தப் பக்கம் அணையாக உட்கார்ந்து வருவேன். இதையெல்லாம் விடப் பெரிய கொடுமை தாகம். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் அளவு சொல்லியிருக்கிறார். வெயிலில் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வரும்போது அம்மா பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, மூடியில் கொஞ்சம் ஊற்றி உதட்டை மட்டும் நனைத்துக்கொள்வார்.

அன்று விழாவுக்காகப் பஸ்ஸை ஊருக்குள் விடவில்லை, பைபாஸிலேயே இறக்கிவிட்டார்கள். ஆட்டோவும் கிடைக்கவில்லை, நடந்தோம். வளைவுக்குப் பக்கத்தில் வரும்போது அம்மாவால் முடியாமல் பந்தலில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். விருந்தினர்களுக்குப் போட்டது என்று எழுப்பிவிட்டார்கள். இது உங்களுக்குத் தெரிந்து நடந்ததில்லை, அதற்காக உங்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை. ஆனால் எழுந்து நின்ற அம்மா நிமிர்ந்து அந்த வளைவைப் பார்த்துவிட்டு, "இவருதானே நமக்கு மெஷின் குடுத்தாரு" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான். இரண்டு டெக்னீஷியன்களின் சம்பளத்தையும் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. பிளாண்ட் பராமரிப்புச் செலவையும் மூன்று வருடத்துக்கு உங்கள் அறக்கட்டளை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

மெஷின்களில் எந்தப் பழுதும் இல்லை. ஒருவருக்கு ஒரு தடவை டயாலிசிஸ் செய்ய நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம் நான்கு மணி நேரம், மொத்தம் 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் ஓட வேண்டும். நம் ஊர் போர் தண்ணீரின் உப்புக்கு ஆர்.ஓ. பிளாண்டில் வடிகட்டும் மெம்பரேன் அடைத்துக்கொண்டது, மாற்ற ஆளில்லை. ஒரு வருட ஒப்பந்தம் முடிந்தது என்று நீங்கள் சம்பளத்தை நிறுத்தியதும் டெக்னீஷியன்கள் இருவரும் தனியார் மருத்துவமனைக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா?

கம்பெனிகள் சமூகப் பணிக்கென்று செலவழிக்க வேண்டிய சி.எஸ்.ஆர். பணத்தில் சம்பளத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் தர முடியாது என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். அந்த 5 சதவீத வரம்பு சி.எஸ்.ஆர். வேலைகளைக் கவனிக்க உங்கள் கம்பெனி செய்யும் நிர்வாகச் செலவுக்கு. கல்வித் திட்டமென்றால் ஆசிரியர் சம்பளம் திட்டச் செலவிலேயே சேரும் என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2021இல் விளக்கம் கொடுத்திருக்கிறது. அப்படியென்றால் டயாலிசிஸ் திட்டத்தில் டெக்னீஷியன் சம்பளம் மட்டும் எப்படி வேறாகும்? தொடரும் திட்டம் என்று எடுத்துக்கொண்டால், தொடங்கும் ஆண்டு போக இன்னும் மூன்று ஆண்டு நடத்தவும் விதியில் இடமுண்டு. சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்கச் சொல்லும் கம்பெனிச் சட்டத்தின் அதே 135வது பிரிவுதான் கம்பெனி இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை கொடுக்கச் சொல்கிறது. நாங்கள் உங்கள் ஆலைக்கு நாலு தெரு தள்ளி இருக்கிறோம் ஐயா.

மெஷின் திறப்பு விழாவில் அழகப்பச் செட்டியாரைப் பற்றிப் பேசினீர்கள். 300 ஏக்கர் நிலத்தோடு 15 லட்சம் ரூபாயும் அவர் கொடுத்ததால்தான் காரைக்குடிக்கு மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வந்தது. அது 1953இல் திறந்தது, இன்றைக்கும் நடக்கிறது. அதற்கெல்லாம் முன்பே, சோழர் காலத்தில், கோயிலுக்கு நந்தா விளக்கு, அதாவது அணையாமல் எரியும் விளக்கு, வைத்தவர்கள் விளக்கை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. தினமும் ஒரு அளவு நெய் வேண்டுமே என்று ஒரு விளக்குக்கு 90 ஆடு, 96 ஆடு என்று சேர்த்துக் கொடுத்தார்கள். மந்தை குட்டி போட்டு எண்ணிக்கை குறையாமல் இருக்கும் என்பதால் அதற்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டில் பெயர். எங்களுக்கு விளக்கு வந்துவிட்டது, ஆடுதான் வரவில்லை.

ஊரில் எங்கே திரும்பினாலும் உங்கள் பெயர் இருக்கிறது. நிழற்குடையில் இருக்கிறது, போலீஸ் பேரிகேடில் இருக்கிறது, பூங்கா பெஞ்சில் இருக்கிறது. நிழற்குடையில் விளக்கு எரிவதில்லை, பூங்காவில் புல் இல்லை. கட்டுகிற அன்று எல்லாரும் வருகிறார்கள், அதற்கப்புறம் யார் பார்த்துக்கொள்வது என்று யாரும் கேட்பதில்லை, கேட்டால் நன்றி கெட்டவர்கள் என்று சொல்லிவிடுவார்களோ என்று எங்களுக்கும் பயம். அரசு செய்ய வேண்டியதை என்னிடம் ஏன் கேட்கிறாய் என்று நீங்கள் கேட்டால் அது நியாயம்தான். அரசிடமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். பணியிடம் ஒதுக்கக் கோரும் கோப்பு சென்னைக்குப் போயிருக்கிறது என்கிறார்கள். அது வரும்வரை மூன்று வருடம் மட்டும்தான் உங்களிடம் கேட்கிறோம்.

கோபத்தில் ஏதாவது வார்த்தை கூடியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுத்த அந்த அறையில்தான் என் அம்மா ஒரு வருடம் நிம்மதியாக டயாலிசிஸ் செய்துகொண்டு, பதினொரு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து படுத்தார். அதை நாங்கள் மறக்கவில்லை. இரண்டு டெக்னீஷியன் சம்பளம், ஆர்.ஓ. பராமரிப்பு, மூன்று வருடம். எனக்குப் பதில் எழுத வேண்டாம், சம்மதம் என்றால் மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள் ஐயா.

இப்படிக்கு,
டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவரின் மகள்