அட்டையின் படம் ஆளுக்குச் சான்றாகாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இணைய மோசடிகளைப் பற்றித் தொடர்ந்து எழுதிவருகிறீர்கள். மோசடியைத் தடுக்கிறோம் என்று சொல்லி, அடையாள அட்டையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி நிறுவனங்கள் கேட்பதே புதிய மோசடிக்கு வழிவிடுகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அருப்புக்கோட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இணைய விண்ணப்பங்களும் போட்டுத் தருகிறேன். "ஆதாரை முன்னாடி பின்னாடி போட்டோ எடுத்து அனுப்பச் சொல்றாங்கக்கா" என்று யாராவது வராத நாள் அபூர்வம். ஒருவருக்கு, திருப்பி அனுப்பிய பொருளின் பணம் வரவில்லை. இன்னொருவருக்குப் பணம் போட்டு வைத்திருந்த செயலி திடீரென்று முடங்கிவிட்டது. ஏன் கேட்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று கேட்டால் பதில் கிடையாது. பாதுகாப்புக்காக என்ற ஒற்றை வரி மட்டும் வரும்.

திருட்டு கார்டில் பொருள் வாங்குகிறவர்களும் போலிப் பெயரில் கணக்குத் தொடங்குகிறவர்களும் உண்டு. ஆகவே வாடிக்கையாளர் யார் என்று சரிபார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அட்டையின் படம் எதை நிரூபிக்கிறது? அனுப்பியவரிடம் அந்தப் படம் இருக்கிறது என்பதை மட்டும்தான். என் கடைக் கணினியில் சாயங்காலத்துக்குள் எத்தனையோ பேரின் ஆதாரும் பான் கார்டும் சேர்ந்துவிடும். கடை சாத்துவதற்கு முன் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறேன். எல்லாக் கடைகளிலும் அழிக்கிறார்கள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. அழிக்காமல் விட்ட ஒரு படத்தை வேறொருவன் எடுத்து அனுப்பினால், அதுவும் சரியான ஆவணமாகவே ஏற்கப்படும்.

அனுப்பிய படம் எங்கே போய்ச் சேருகிறது என்பது அடுத்த கவலை. இணையத்தில் குழுவாக உரையாடப் பயன்படும் செயலியை நடத்தும் டிஸ்கார்ட் நிறுவனம் 2025 அக்டோபரில் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. தன் வாடிக்கையாளர் சேவையைக் கவனித்த வெளி நிறுவனம் ஒன்றின் வழியாக, சுமார் 70,000 பேரின் அரசு அடையாள அட்டைப் படங்கள் கசிந்திருக்கலாம் என்று அதுவே ஒப்புக்கொண்டது. தங்கள் வயதை நிரூபிப்பதற்காக அவர்கள் அனுப்பிய படங்கள் அவை. கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். பிறந்த தேதியையும் அப்பா பெயரையும் எப்படி மாற்றுவது?

இதைவிட நல்ல வழி நம் நாட்டிலேயே இருக்கிறது. ஆதாரில் உள்ள கியூஆர் குறியீட்டில் ஆதார் ஆணையத்தின் மின்கையொப்பம் இருக்கிறது. அதை ஸ்கேன் செய்தால் அட்டை போலியா என்று தெரிந்துவிடும். எண்ணின் முதல் 8 இலக்கங்களை மறைத்து, கடைசி 4 மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' ஆணையத்தின் தளத்திலேயே கிடைக்கிறது. கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இப்படி ஒன்று இருப்பதையே கேள்விப்பட்டதில்லை. சிலருக்கு எடுத்துக் கொடுக்கலாம் என்றால், ஆதாரில் இணைத்த பழைய செல்போன் எண் கைவிட்டுப் போயிருக்கும், ஓடிபி வராது. எல்லாம் சரியாக அமைந்து அனுப்பினாலும், முழு எண் தெரியவில்லை என்று சில நிறுவனங்கள் திருப்பி அனுப்பிவிடுகின்றன.

ஆதார் நகலை யாருக்கும் தராதீர்கள் என்று 2022 மே 27 அன்று ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் எச்சரித்தது. இரண்டே நாளில் மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்று, வழக்கமான எச்சரிக்கையோடு நடந்துகொண்டால் போதும் என்றது. கையெழுத்துப் போடவே தயங்கி நிற்கும் ஒரு பாட்டியிடம் அந்த எச்சரிக்கையை எதிர்பார்ப்பது நியாயமில்லை. கவனமாக இருக்க வேண்டிய பொறுப்பு கேட்கிறவர்களுக்குத்தான் முதலில் வர வேண்டும்.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத மூன்று காரியங்கள் உண்டு: மாஸ்க்டு ஆதாரை மறுக்காமல் ஏற்பது, எதற்காகக் கேட்கிறோம் என்று தமிழில் சொல்வது, வேலை முடிந்ததும் படத்தை அழித்து அதை வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தியில் தெரிவிப்பது. தங்கள் இதழ் இவற்றை நிறுவனங்களிடம் நேரடியாகக் கேட்டு, அவர்கள் தரும் பதிலை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அருப்புக்கோட்டை