தீரர் சத்தியமூர்த்தி கண்காட்சி: கை கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

திருமயத்தில் பிறந்த காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்திக்குத் திருமயத்திலேயே நாங்கள் வைத்த கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. இடம் கொடுத்தவர், பந்தல் போட்டவர், வெயிலில் வந்தவர்களுக்கு மோர் ஊற்றிய பெண்கள், எல்லோருக்கும் நன்றி.

பழைய பத்திரிகை நறுக்குகளைப் பெட்டியோடு தூக்கிக் கொடுத்த குடும்பத்தார் இல்லையென்றால் 1934 தேர்தலைக் காட்டியே இருக்க முடியாது. சென்னையில் ஜஸ்டிஸ் கட்சியின் ஆற்காடு ராமசாமி முதலியாரைத் தோற்கடித்து டில்லியில் இருந்த மத்திய சட்டசபைக்குப் போனாரே, அந்தத் தேர்தல்தான். 1936-ல் அவர் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர், காமராஜ் செயலாளர். 1940-ல் காமராஜ் தலைவர், இவர் செயலாளர். "இன்னைக்கு எந்தக் கட்சியிலங்க இது நடக்கும்?" என்று ஒரு பெரியவர் சத்தமாகவே கேட்டுவிட்டுப் போனார்.

பூண்டி நீர்த்தேக்கத்தின் படத்தை வரைந்து தந்த ஓய்வுபெற்ற பொறியாளர் ஐயாவுக்குத் தனி நன்றி. சத்தியமூர்த்தி சென்னை மேயராக இருந்தது 1939-40 என்று ஒரே வருடம்தான். அதற்குள் சென்னையின் குடிநீருக்காகக் கொசஸ்தலை ஆற்றில் இந்தப் பூண்டி அணையைக் கட்டப் பாடுபட்டார். 1944-ல் அணை திறந்தபோது அவர் இல்லை. சிறையில் உடம்பு கெட்டு 1943 மார்ச்சிலேயே போய்விட்டார்.

ஆனால் நான் அதிகம் கடன்பட்டிருப்பது டீச்சர் அம்மாவுக்குத்தான். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் தேவதாசி முறையை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி சென்னை சட்டசபையில் போராடியபோது சத்தியமூர்த்தி எதிர்த்து நின்றார். அதைச் சொல்லாமல் கண்காட்சி எதற்கு என்று கேட்டார்கள். பிறந்த ஊரில் போய் இதை வைப்பதா என்று குழுவில் முணுமுணுப்பு எழுந்தது. டீச்சர் அம்மா விடவில்லை. முத்துலட்சுமியும் நம் புதுக்கோட்டைதான். இருவரும் படித்தது அதே மகாராஜா கல்லூரி. பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு முழுத் தடை 1947-ல்தான் வந்தது. இருவர் படங்களையும் எதிரெதிரே மாட்டினோம். கல்லூரிப் பெண்கள் அங்கேதான் நின்று வெகுநேரம் சண்டை போட்டார்கள். இசைக்கும் நாடகத்துக்கும் அவ்வளவு செய்த மனிதர் இந்த விஷயத்தில் தவறான பக்கம் நின்றார் என்பதுதான் என் எண்ணமும்.

அப்புறம், படங்கள் கொடுத்தவர்கள் ஞாயிறு காலை வாசகசாலைக்கு வந்து திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். நறுக்குப் பெட்டியை நாங்களே வீட்டில் கொண்டுவந்து சேர்க்கிறோம்.

நன்றியுடன்,
கண்காட்சிக் குழுவுக்காக