பச்சை டிராகனுக்கு என்ன வேண்டும்?

திருகோணமலை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மச்சான்,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் கிடைத்து ஒரு கிழமைக்கு மேலாகிறது. உடனே பதில் போடாததற்குக் கோபிக்காதே. ஏ.எல். பரீட்சை நெருங்குவதால் கணித வகுப்புகளை முடித்து வீட்டுக்கு வரவே இரவு ஒன்பது தாண்டிவிடுகிறது. வாடை தொடங்கிவிட்டது. டச்பே பக்கம் பின்னேரங்களில் ஆளில்லை. கோட்டைக்குள் நின்ற மான்கள் மழைக்கு ஒதுங்க ரோட்டுக்கரைக் கடைகளுக்கே வந்துவிடுகின்றன. மற்றபடி ஊர் நீ விட்டுப்போனபடிதான்.

அங்கே மகளையும் மருமக்களையும் இருத்தி டைஸ் உருட்டிக் கதைப் பாத்திரங்களாக ஆடும் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் விளையாட்டை நடத்துகிறாய் என்று வாசித்ததும் சிரிப்பு வந்தது. பள்ளிக்கூடத்தில் நாடகத்துக்குப் பேர் கொடுக்கவே பயந்தவன் நீ, இப்போது டிராகன் குரலில் கதைக்கிறாயாம்! சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் நாலு பேரும் இரண்டாம் லெவல். காட்டுக்குள் இளம் பச்சை டிராகன் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, அடித்தே தீருவோம் என்று நிற்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாமல் அதன் எச்.பி.யை, உயிர்ப்புள்ளியை, குறைத்து வைக்கலாமா என்று கேட்டிருந்தாய்.

வேண்டாம். ஏன் என்று சொல்வதற்கு முதலில் கணக்கைப் பார்ப்போம். என் தொழில் அதுதானே.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி அந்த டிராகனுக்கு எச்.பி. 136, அடி படுவதற்கு எட்ட வேண்டிய எண்ணான ஏ.சி. 18. உன் பிள்ளைகளுக்குத் தாக்குதலில் டைஸோடு கூட்ட +5 இருக்கும் என்று வைத்துக்கொள். இருபது முக டைஸான டி20இல் 13 அல்லது அதற்கு மேல் விழுந்தால்தான் அடி படும், அதாவது நூற்றுக்கு நாற்பது. பட்ட அடிக்குச் சராசரி 8 என்றால் நாலு பேரும் சேர்ந்து ஒரு ரவுண்டில் 13 அளவில் எடுப்பார்கள். டிராகன் விழப் பத்துப் பதினொரு ரவுண்ட் வேண்டும். அதுவும் அது பறக்காமல் பிள்ளைகளுக்கு முன்னால் மரியாதையாக நின்றால்!

இனி மறுபக்கம். அது விடும் நச்சு மூச்சின் சராசரி 42. கான்ஸ்டிட்யூஷன், அதாவது உடல் உறுதி, 14 உள்ள இரண்டாம் லெவல் பைட்டருக்கு, சண்டை வீரனுக்கு, எச்.பி. 20தான். அவன் சேவிங் த்ரோ என்ற உருட்டலில் தப்பினாலும் பாதி, 21, விழுந்துவிடுவான். தப்பவில்லை என்றால் 42இல் 20 போக மிச்சம் 22. மிச்சம் அவனுடைய முழு எச்.பி.க்குச் சமமாகவோ கூடவோ இருந்தால் உயிர் பிழைக்க உருட்டும் டெத் சேவ் கூடக் கிடையாது, அந்த இடத்திலேயே சாவு. பைட்டருக்கே இந்தக் கதி என்றால் மந்திரவாதியான விசார்ட்டை யோசித்துப் பார். ஒரே மூச்சில் நாலு கேரக்டர் ஷீட்டையும் கிழிக்க வேண்டியதுதான். டிராகனின் முறை வரும்போதெல்லாம் அந்த மூச்சு மூன்றில் ஒரு வாய்ப்பில் மறுபடி தயாராகிவிடும். எச்.பி.யை 136இலிருந்து எண்பதாகக் குறைத்தாலும் இந்தக் கதை மாறாது. மூச்சையும் குறைத்தால் அது டிராகனாக இருக்காது, பச்சைப் பல்லி.

ஆனால் லெவல் குறைந்தவர்கள் பெரிய மிருகத்தை வெல்லவே முடியாது என்று நினைத்துவிடாதே. என் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். போயா லீவு நாட்களில் உவர்மலையிலிருந்தும் பாலையூற்றிலிருந்தும் பொடியளும் ஒரு பிள்ளையும் வருவார்கள். கச்சானும் பிளேன்டீயும் இருந்தால் பின்னேரம் வரைக்கும் எழும்ப மாட்டார்கள். அவர்கள் மூன்றாம் லெவலில் இருந்தபோது ஒரு ட்ரோலை விட்டேன். பெயரைப் பூதம் என்று மாற்றி, கன்னியா வெந்நீர் ஊற்று மாதிரி ஏழு கிணறு உள்ள இடத்தில் குடியிருத்தினேன்.

ட்ரோல் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். அதே 2014 பதிப்பில் எச்.பி. 84, ஏ.சி. 15, ஒரு முறைக்கு மூன்று அடி. மூன்றும் பட்டால் சராசரி 29. என் பைட்டரின் மொத்த எச்.பி. 28. அதோடு ஒவ்வொரு முறையும் 10 எச்.பி. தானாக வளரும். நெருப்போ அமிலமோ பட்டால்தான் அடுத்த முறை வளராது. இது தெரியாமல் வாளை உருவிக்கொண்டு போனால் நாலு பேரும் சேர்ந்து ஒரு ரவுண்டில் 18 எடுப்பார்கள், அதில் 10 திரும்பி வந்துவிடும். பத்து ரவுண்டுக்கு எந்தப் பார்ட்டியும் உயிரோடு இருக்காது.

அதனால் முதலே ஊருக்குள் ஒரு கிழவியை வைத்தேன். "வெட்டுக்காயம் மூடிப்போகும் ராசா, சுட்ட காயந்தான் ஆறாது" என்று அவள் ஒரு வசனம் சொன்னாள், அவ்வளவுதான். பொடியள் அதைக் கவனிக்கவே இல்லை, வாள் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். ரோக், அதாவது திருடன் பாத்திரம், விளையாடும் பிள்ளைதான் கொப்பியில் குறித்துவைத்தாள். கடைசியில் ஒரு வெள்ளிக் காசுக்கு ஒன்றாக எண்ணெய்க் குப்பிகளும், ஒரு செப்புக் காசுக்கு ஒன்றாகப் பந்தங்களும் வாங்கினார்கள். பந்தத்தால் அடித்தால் சேதம் வெறும் 1தான். ஆனால் அந்த ஒன்று அடுத்த முறை வளர வேண்டிய பத்தைத் தடுக்கிறது. முழு விளையாட்டிலும் இதைவிட மலிவான ஆயுதம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கிணற்றடிக்குப் போனதும் பைட்டர் பொடியன் பாயத்தான் பார்த்தான். அவள் விடவில்லை. "இரண்டு பாறைக்கு நடுவில் ஐந்தடி இடைவெளி இருக்கென்று சொன்னீங்களே சேர், பூதம் அதுக்குள்ளே வர ஏலுமா?" என்று என்னைக் கேட்டாள். வர ஏலும், ஆனால் நெருக்கிக்கொண்டுதான். பெரிய உடம்பு சின்ன இடத்துக்குள் நெருக்கினால் அதன் அடிகளுக்கு டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிச் சின்ன எண்), அதை அடிப்பவர்களுக்கு அட்வான்டேஜ் (பெரிய எண்). 2014 விதிப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, நான் கொடுத்த சலுகை இல்லை. வெளியில் நின்றால் நூற்றுக்கு 65 தடவை படும் அடி அந்த இடுக்குக்குள் 42 ஆகிறது. பிள்ளைகளின் 55 கிட்டத்தட்ட 80 ஆகிறது. அதே பூதம், அதே டைஸ், நின்ற இடம் மட்டும் வேறு.

கல்லெறிந்து, ஏசி, இடுக்குக்குள் இழுத்தார்கள். நடுவில் இன்னொரு பொடியன், கிணற்று வெந்நீரை அள்ளி ஊற்றினால் நெருப்புக் கணக்கில் சேருமா என்று கேட்டான். நான் வாய் திறக்க முதல் பக்கத்தில் இருந்தவன், "கன்னியாத் தண்ணி குளிக்கிற சூடுதானே, பூதம் முழுகிவிட்டு வரும்" என்றான். தீர்ப்பை அவனே கொடுத்துவிட்டதால் நான் பேசாமல் இருந்துவிட்டேன். மூன்றாம் ரவுண்டில் பைட்டர் விழுந்தான், முதல் டெத் சேவும் தோற்றான். குணப்படுத்தும் கிளெரிக் அவனை எழுப்புவதா பந்தத்தைப் பிடிப்பதா என்று தடுமாறியதில் பூதத்துக்குப் பத்து வளர்ந்துவிட்டது. அந்த நேரம் மேசையில் ஒரு சத்தமில்லை, மழை மட்டும் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அடுத்த ரவுண்டில் விசார்ட்டின் பயர் போல்ட் என்ற நெருப்பு மந்திரம் முடித்துவைத்தது.

இதில் நான் ஒரு டைஸையும் மறைக்கவில்லை, ஒரு எச்.பி.யையும் குறைக்கவில்லை. திரைக்குப் பின்னால் நான் இரக்கம் காட்டியிருந்தால் அந்தக் கொப்பிக் குறிப்புக்கு என்ன மதிப்பு? வாளோடு பாய்ந்தவனும் வென்றிருப்பான், யோசித்தவளும் வென்றிருப்பாள். சின்னப் பிள்ளைகளுக்கு அது தெரியாது என்று நினைக்காதே. இரண்டாம் தடவையே கண்டுபிடித்துவிடுவார்கள்.

லெவல் குறைவான பார்ட்டிக்கு ஒரே பலம் முறைகளின் எண்ணிக்கைதான். எதிரி ஒருமுறை அசைந்தால் இவர்கள் நாலுமுறை அசைகிறார்கள். அதனால்தான் தனியாக நிற்கும் தலைவன் சிலவேளை பகிடியாகச் செத்துப்போவான். போன வருஷம் ஓகர் என்ற அரக்கன் ஒன்றை முதலாம் லெவல்காரருக்கு முன்னால் விட்டேன். சி.ஆர்., அதாவது மிருகத்தின் வலிமை அளவு, 2; எச்.பி. 59. 2014 புத்தகக் கணக்கில் நாலு முதலாம் லெவல்காரருக்கு அது 'டெட்லி', உயிராபத்தான சண்டை. விசார்ட் பிள்ளை ஹிடியஸ் லாஃப்டர் என்ற சிரிப்பு மந்திரம் போட்டாள், அதைத் தாங்க வேண்டிய ஓகரின் விஸ்டம் வெறும் 7, சிரித்து விழுந்தது விழுந்ததுதான். அது எழும்ப முதல் நாலு பேரும் சுற்றி நின்று வெளுத்துவிட்டார்கள். இந்தச் சங்கடத்துக்காகத்தான் 2008இல் நாலாம் பதிப்பு தனியாகவே ஒரு குழுவோடு மோதக்கூடிய 'சோலோ' மிருகங்களைக் கொண்டுவந்தது. ஐந்தாம் பதிப்பில் பெரிய தலைகளுக்கு லெஜண்டரி ஆக்ஷன் கொடுத்தார்கள். மற்றவர்களின் முறை முடியும்போது அவையும் அசையலாம். சின்ன லெவலுக்கு அது அதிகம். அங்கே தலைவனுக்குப் பக்கத்தில் இரண்டு கோப்ளின் அடியாட்களை நிறுத்தினாலே போதும்.

இன்னொன்று, ஓட்டம். பிள்ளைகள் ஏன் தோற்கும் சண்டையை விட்டு ஓட மாட்டார்கள் என்று நீ கேட்டிருந்தாய். வீரமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. விதிகள் ஓட விடுவதில்லை. மனிதனுக்கும் ட்ரோலுக்கும் வேகம் ஒன்றுதான், 30 அடி. திரும்பினால் முதுகில் ஒரு அடி, பிறகு அது பின்னால் வந்து மறுபடி அடிக்கும். அதற்குள் ஒருவன் விழுந்து கிடப்பான், அவனை விட்டுவிட்டுப் போக யாருக்கு மனம் வரும்? அதனால் என் மேசையில் 'ஓடுகிறோம்' என்று நாலு பேரும் ஒரே குரலில் சொன்னால் அந்த நிமிஷமே ரவுண்ட் கணக்கை நிறுத்திவிடுவேன். விழுந்தவனைத் தூக்கிக்கொண்டே ஓடலாம், ஆனால் பதிலுக்கு ஏதாவது இழக்க வேண்டும்: சாமான், காசு, நல்ல பெயர்.

1981இல் வந்த பேசிக் பதிப்பைப் புரட்டிப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. மந்திரவாதி நாலு முக டைஸை உருட்டித்தான் உயிரைத் தொடங்குவான். பூச்சியத்துக்கு வந்தால் சாவு, டெத் சேவ் எல்லாம் இல்லை. ஆனால் எடுத்துவரும் ஒவ்வொரு தங்கக் காசுக்கும், லெவல் ஏற்றும் அனுபவப் புள்ளியான எக்ஸ்.பி. ஒன்று. மிருகத்தைக் கொன்றால் கிடைப்பது அதைவிட எவ்வளவோ குறைவு. அதனால் அந்தக் காலத்தவர்கள் டிராகன் நித்திரையாக இருக்கும்போது பொன்னைச் சுருட்டிக்கொண்டு வருவதையே கெட்டித்தனம் என்று நினைத்தார்கள். இப்போதைய பிள்ளைகளுக்குச் சண்டைதான் எக்ஸ்.பி. என்று நாமே பழக்கிவிட்டு, பிறகு ஏன் எல்லாவற்றோடும் மோதுகிறார்கள் என்று கேட்கிறோம்.

நம்மூர் இராவணனையே எடுத்துக்கொள். கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலைக்கு வரும் எல்லோருக்கும் இராவணன் வெட்டைக் காட்டிக் கதை சொல்கிறோமே. பத்துத் தலை, இருபது கை, ஒரு ரவுண்டில் எத்தனை அடி அடித்திருப்பான்! கயிலை மலையைத் தூக்கப் போய் சிவபெருமானின் கால்விரலுக்குக் கீழே நசுங்கினான். தப்பினது சாமகானம் பாடித்தான். தப்பினது மட்டுமா, வாளும் வரமும் வாங்கிக்கொண்டு வந்தான். லெவல் வித்தியாசம் அவ்வளவு இருக்கும்போது பாட்டால் சாதிக்கும் பார்ட் பாத்திரம் செய்கிற வேலைதான் எடுபடும்.

உன் பச்சை டிராகனும் அப்படித்தான். பச்சை டிராகன்கள் வாய்க்காரர்கள், பொய்யும் பேரமும் அவற்றுக்குச் சர்க்கரை. மனிதர் பேசும் மொழியும் தெரியும். அதனால் எச்.பி.யைத் தொடாதே, அதற்கு ஒரு ஆசையைக் கொடு. பக்கத்து ஊரில் யாரோ வைத்திருக்கும் ஒரு பொருள், அல்லது அதன் காட்டுக்குள் நுழைந்துவிட்ட இன்னொரு மிருகம். பிள்ளைகள் போகும் வழியில் முதலே அடையாளம் வை: நஞ்சில் கருகிய மரங்கள், கவசத்தோடு கிடக்கும் இவர்களைவிடப் பெரிய வீரன் ஒருவனின் எலும்பு. அதைப் பார்த்தும் பாய்ந்தால் பாயட்டும், மூச்சை விடு. மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன், முக்கியமாக உன் மகள். அவள் பேரம் பேசுவாள். டிராகனுக்கு எடுபிடியாக இரண்டு மூன்று லெவல் ஏறட்டும். ஐந்தாம் லெவலில் பைட்டருக்கு இரண்டு அடி, விசார்ட்டுக்கு பயர்பால் என்ற நெருப்புக்குண்டு மந்திரம். அப்போது அவர்களே பழைய முதலாளியிடம் கணக்குத் தீர்க்கப் போவார்கள், நீ ஒன்றும் தூண்ட வேண்டியதில்லை.

மருமகன் செத்தால் அழுவான் என்று எழுதியிருந்தாய். அழட்டும், புது ஷீட் ஒன்றை முதலே நிரப்பி வைத்துக்கொள்.

அம்மாவின் முழங்கால் இப்போது பரவாயில்லை. உன்னைப் பற்றி அடிக்கடி கேட்கிறா. வைகாசியில் வருவதாகச் சொன்னாயே, டிக்கெட் போட்டுவிட்டாயா? வரும்போது இரண்டு செட் டைஸ் கொண்டுவா. இங்கே நாலு முக டைஸ் எல்லாம் தொலைந்துபோய், பொடியள் துண்டுக் கடதாசியில் எண் எழுதிக் குலுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி