பவர் பட்டனை அமுக்கிப் பார்

அன்புள்ள ரவி,

கையில் பிடித்து ஆடுகிற கேம் கன்சோல் ஒன்று வாங்க வேண்டும், நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2-ஆ, ஸ்டீம் டெக்கா, ஆர்ஓஜி அலை எக்ஸா, ஒரே வார்த்தையில் சொல் என்று கேட்கிறாய். கேட்டுவிட்டு அதே மூச்சில் எதற்கு எத்தனை டெராஃப்ளாப் வேகம் என்று கட்டம் போட்டு அட்டவணையும் அனுப்புகிறாய். அட்டவணை போடுகிற அளவுக்கு வந்தவன் மனசுக்குள் ஏற்கெனவே ஒன்றை வாங்கிவிட்டான். என்னிடம் நீ கேட்பது யோசனை இல்லை, ஆமாம் சாமி.

இங்கே எல்லோரும் சுகம். என் கண்ணாடி இன்னும் கொஞ்சம் தடித்திருக்கிறது. செல்வா திருந்தவில்லை. செய்தி அவ்வளவுதான்.

நீ எப்போதுமே பவர் கட்சி. சோனியின் பிஎஸ்பி வந்த காலத்தில் "திரை 4.3 அங்குலம், 480-க்கு 272 புள்ளி" என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பாய். என் நிண்டெண்டோ டிஎஸ்ஸுக்கு நீயும் நம் பாபுவும் சேர்ந்து வைத்த பெயரை நாகரிகம் கருதி இங்கே எழுதவில்லை. கடைசியில் என்ன ஆயிற்று? டிஎஸ் 15 கோடியே 40 லட்சம் விற்றது, உன்னுடையது சுமார் 8 கோடி. அதற்கு வெகு முன்பும் இதே கதைதான். 1989-ல் வந்த நிண்டெண்டோவின் கேம் பாய்க்கு வண்ணமும் கிடையாது, திரைக்குப் பின்னால் விளக்கும் கிடையாது, நான்கே நான்கு சாயல். அடுத்த வருடம் வந்த சேகாவின் கேம் கியரில் இரண்டும் இருந்தன. ஆனால் அது ஆறு பேட்டரியை மூன்றிலிருந்து ஐந்து மணி நேரத்தில் தின்று தீர்க்கும். கேம் பாய் நான்கு பேட்டரியில் அதைப் போலப் பல மடங்கு நேரம் ஓடும். கேம் பாயை உருவாக்கிய கன்பெய் யோகோய்க்கு ஒரு கொள்கை உண்டு: விலை இறங்கி, குணம் தெரிந்து, பழகிப்போன தொழில்நுட்பத்தை எடுத்துப் புதுவிதமாகப் பயன்படுத்து. உன்னைப் போன்றவர்கள் அன்றைக்கும் அவரைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள்.

இதெல்லாம் உன்னைச் சீண்ட. நான் சொல்ல வந்தது வேறு. அந்தச் சண்டையில் நாம் இரண்டு பேருமே பேசாத ஒன்று உண்டு. டிஎஸ்ஸின் மூடியைப் பட்டென்று மூடினால் ஆட்டம் அந்த இடத்திலேயே உறங்கிவிடும். உன் பிஎஸ்பியிலும் பக்கவாட்டுச் சுவிட்சை மேலே தள்ளினால் அதே கதை. அப்போது அது நம் கண்ணில் படவில்லை, ஏனென்றால் நிறுத்த வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. இன்றைக்கு நீ ஒரு ஆட்டத்தை முழுதாக உட்கார்ந்து ஆடிக் கடைசியாக எப்போது எழுந்தாய், சொல் பார்ப்போம். யாராவது கூப்பிடுவார்கள், போன் அடிக்கும், இல்லையென்றால் நமக்கே தூக்கம் வந்துவிடும். நம் வயதில் ஒரு கன்சோலை எப்படி ஓடுகிறது என்று பார்த்து வாங்கக் கூடாது. எப்படி நிற்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும்.

சும்மா சொல்லவில்லை. இரவல் வாங்கி இரண்டையும் கொஞ்ச நாள் வைத்திருந்தேன். மைத்துனனிடமிருந்து ஸ்விட்ச் 2, அலுவலக நண்பர் ஒருவரிடமிருந்து ஸ்டீம் டெக் ஓஎல்இடி. டெக்கின் தலைமாட்டில் இருக்கிற பவர் பட்டனைத் தட்டினால் முதலில் சத்தம் அறுந்துபோகும், அடுத்த நொடி திரை கறுக்கும். ஒருநாள் ராத்திரி என் ஆள் ஒரு பள்ளத்தைத் தாண்டி அந்தரத்தில் இருந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது. தட்டிவிட்டுப் போய்விட்டேன். மறுநாள் சாயங்காலம் மறுபடி தட்டினேன். ஒரு சில நொடிகள்தான், அதே அந்தரத்திலிருந்து இறங்கி அந்தக் கரையில் கால் வைத்தான். ஸ்விட்ச் இதைவிடவும் சுருக்கு, 2017-லிருந்தே அவர்கள் இதில் கெட்டி.

செல்வா வைத்திருப்பது இன்னொரு ஜாதி. பெயர் வேண்டாம், சொன்னால் சண்டைக்கு வருவான். முழுக் கணினியைக் கைக்குள் அடைத்து வைத்த மாதிரி ஒன்று. உறங்க வைத்துப் பைக்குள் போட்டு எடுத்துப் போனான். திறந்தபோது தோசைக்கல் மாதிரிச் சுட்டது, காற்றாடி உள்ளே இரைந்துகொண்டிருந்தது, பேட்டரி சுத்தம். உறங்கவே இல்லை அது. போதாக்குறைக்கு மல்லாந்து படுத்து ஆடியபோது கை தளர்ந்து நேரே மூக்கில் விழுந்திருக்கிறது. இரண்டு நாள் அவன் பேச்சில் ஒரு இசை இருந்தது. நீ படுத்துக்கொண்டு ஆடுகிற ஆள் என்பதால் சொல்கிறேன், அட்டவணையில் எடைக்கு ஒரு பத்தி சேர். ஸ்விட்ச் 2, இரு பக்கமும் மாட்டுகிற ஜாய்-கான் கைப்பிடிகள் சேர்த்து சுமார் 534 கிராம், டெக் ஓஎல்இடி சுமார் 640, அலை எக்ஸ் சுமார் 678.

பேட்டரிக்கு நீ எழுதியிருக்கும் மணிக்கணக்கை நம்பாதே. கம்பெனிகளே ஸ்விட்ச் 2-க்கு 2-லிருந்து 6.5 மணி, டெக்குக்கு 3-லிருந்து 12 மணி என்றுதான் சொல்கின்றன. இவ்வளவு அகலமான கணக்கு கணக்கே இல்லை. நீயே வகுத்துப் பார். டெக்கின் பேட்டரியில் இருப்பது 50 வாட்-மணி. மொத்தமாக 25 வாட் குடிக்கிற ஆட்டம் இரண்டு மணி நேரம், 10 வாட்டில் ஓடுகிற பழைய ஆட்டம் ஐந்து மணி நேரம். அந்தக் குழாயை நாமே திருகிக்கொள்ளலாம் என்பதுதான் எனக்கு டெக்கில் பிடித்தது. வலது பக்கம் மூன்று புள்ளி போட்ட பட்டனை அமுக்கினால் ஆட்டத்தின் நடுவிலேயே நொடிக்கு இத்தனை ஃபிரேம் என்பதையும் வாட்டையும் குறைக்கலாம். அலை எக்ஸில் 80 வாட்-மணி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விண்டோஸ். நாள் முழுக்க அலுவலகத்தில் பார்ப்பதையே ராத்திரியும் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

ஸ்விட்ச் 2-இல் எனக்குக் குறை திரைதான். 7.9 அங்குலம், 1080பி, 120 ஹெர்ட்ஸ், எல்லாம் சரி. முந்தைய ஸ்விட்சின் ஒரு மாடலில் கறுப்பைக் கறுப்பாகவே காட்டும் ஓஎல்இடி திரை கொடுத்துவிட்டு இதில் எல்சிடிக்குத் திரும்பியிருக்கிறார்கள். கறுப்பு கறுப்பாக இல்லை, சாம்பல். உன் கண்ணுக்கு இது உறுத்தும், உன் வீட்டு வாண்டுகளுக்கு உறுத்தாது.

இனி கொஞ்சம் வேறு மாதிரி. போன வாரம் பாபுவின் தங்கை பேசினாள். அவன் அலமாரியை இப்போதுதான் ஒழிக்கிறார்கள். பிஎஸ்பி கிடைத்திருக்கிறது, உள்ளே மெமரி ஸ்டிக்கோடு. ஒரு வீரனுக்கு உன் பெயரை வைத்து வேண்டுமென்றே சாகடித்துச் சாகடித்து விளையாடினானே, அந்த சேவ், அதாவது ஆட்டத்தை நிறுத்திய இடத்தின் பதிவு, அதில் இருக்கும். பின்னாளில் கணினியில் அவன் வாங்கிக் குவித்தவை எல்லாம் ஏதோ ஒரு ஆன்லைன் கணக்கில் இருக்கின்றன, பாஸ்வேர்டு அவனோடு போய்விட்டது. "அண்ணா, அதையும் திறக்க முடியுமா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

அதிலிருந்து இதே யோசனைதான். நிறுத்தியது எங்கே போய் உட்காருகிறது? டிஎஸ்ஸில் சேவ் காட்ரிட்ஜிலேயே இருந்தது. ஆட்டத்தை இன்னொருவனுக்குக் கொடுத்தால் நம் ஆளும் கூடவே போவான். பிஎஸ்பியில் மெமரி ஸ்டிக். ஸ்விட்ச் இரண்டிலும் சேவ் கருவியின் உள்நினைவகத்தில் மட்டும்தான். கார்டில் வைக்க முடியாது, கிளவுடுக்குச் சந்தா கட்ட வேண்டும், எல்லா ஆட்டமும் அதற்கும் ஒத்துவராது. டெக்குக்குப் பின்னால் இருக்கும் ஸ்டீம் என்கிற ஆன்லைன் கேம் கடையில் கிளவுடு இலவசம், ஆனால் எல்லாமே கணக்கோடு கட்டுண்டது. அந்தக் கணக்கை உயில் எழுதிக்கூட இன்னொருவருக்கு மாற்ற முடியாது என்று அவர்கள் ஒருவருக்குப் பதில் சொன்னது 2024-ல் செய்தியாகவே வந்தது. அதே வருடம் அக்டோபரில், நீ வாங்குவது உரிமம் மட்டுமே என்று பணம் கட்டும் இடத்திலேயே எழுதிவிட்டார்கள். நிண்டெண்டோ மட்டும் யோக்கியமா? டிஎஸ்ஸின் வாரிசான 3டிஎஸ்ஸின் ஆன்லைன் கடையை 2023 மார்ச் 27-ல் இழுத்து மூடினார்கள். இப்போது கேம்-கீ கார்டு என்று ஒன்று கொண்டுவந்திருக்கிறார்கள். டப்பாவுக்குள் கார்டு இருக்கும், கார்டுக்குள் ஆட்டம் இருக்காது. செருகிவிட்டு டவுன்லோடு செய்ய வேண்டும். ஒரே ஆறுதல், அதை இரவல் கொடுக்கலாம், விற்கலாம். வாங்கும்போது டப்பாவின் கீழ் ஓரத்தைப் படித்துவிட்டு வாங்கு.

என்னை விட்டால் இதையே பக்கம் பக்கமாக எழுதுவேன். முடிவுக்கு வருகிறேன்.

உன் வீட்டில் இரண்டு வாண்டுகளும் ஒரு பெரிய டிவியும் இருக்கின்றன. நீ ஸ்விட்ச் 2 வாங்கு. டிவியோடு இணைக்கிற டாக்கில் வைத்தால் டிவி, எடுத்தால் கையில், ஜாய்-கானைக் கழற்றினால் ஆளுக்கொன்று. சும்மா இருக்கிற உன் பழைய ஸ்விட்ச் கேம்களும் பெரும்பாலும் அதில் ஓடும். சேமிப்புக்கு மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டுதான் வேண்டும், பழைய கார்டை வைத்து ஒப்பேற்றலாம் என்று பார்க்காதே. நான் டெக் ஓஎல்இடி எடுக்கிறேன். ஸ்டீமில் தள்ளுபடி போட்டபோதெல்லாம் வாங்கித் தொடாமல் போட்டது ஒரு மலை இருக்கிறது, புதிதாக எதுவும் வாங்காமலே ரிட்டயர் ஆகிவிடலாம். இதையெல்லாம் மீறி நீயும் டெக்தான் என்று அடம்பிடித்தால் ஒன்று தெரிந்துகொள். அதில் ஓடுவது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். நீ நடு ராத்திரி கத்திக்கொண்டு ஆடுகிற அந்த ஆன்லைன் துப்பாக்கிச் சண்டைகளில் பலவற்றின் ஆன்டி-சீட், அதாவது கள்ளாட்டம் பிடிக்கிற காவல்காரன், அதை உள்ளே விடாது. அதையும் விடமுடியாது, பவரும் வேண்டும் என்றால் அலை எக்ஸ்தான் வழி. அப்புறம் செல்வாவின் மூக்கை நினைத்துக்கொள்.

ஒரு வேலை இருக்கிறது. பாபுவின் பிஎஸ்பிக்குச் சார்ஜர் இல்லை, பேட்டரியும் போயிருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு நேரடியாகச் சார்ஜரில் போட்டாலே அது ஓடும். நீ எதையும் தூக்கிப் போடாத ஆள், உன்னுடைய 5 வோல்ட் சார்ஜர் எங்கேயாவது கிடக்கும். முதல் மாடல், ஸ்லிம், எதனுடையது என்றாலும் சேரும். இந்த வாரமே தேடி அவள் விலாசத்துக்கு அனுப்பிவிடு. அவள் பையன் காத்திருக்கிறானாம். அந்த வீரனின் பெயரைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்பதை நீயே யோசித்து வைத்துக்கொள்.

அன்புடன்,
குமார்