ஓவியம் அரைப் பக்கம், நிறமாலைக்கு இடமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் அறிவியல் பக்கத்தில் வெண்குள்ள விண்மீன்கள் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போனவை) வெடிப்பதைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அரைப் பக்கத்துக்கு ஆரஞ்சும் நீலமுமாக ஒரு படம். அடியில் ‘விண்மீன் வெடிக்கும் காட்சி’ என்று குறிப்பு. அந்தக் காட்சியை எந்தத் தொலைநோக்கியும் எடுக்கவில்லை. யாரோ ஓர் ஓவியர் கணினியில் வரைந்தது. வேறொரு விண்மீன் திரளில் வெடிக்கும் விண்மீன், எவ்வளவு பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் வெறும் புள்ளிதான். அந்தப் புள்ளியின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, அதாவது நிறமாலையாக்கிப் பார்த்துத்தான் வெடித்தது என்ன, எப்படி வெடித்தது என்று சொல்கிறார்கள். ‘நிறமாலை’ என்ற சொல் கட்டுரையில் ஒரே ஒரு முறை, போகிற போக்கில் வருகிறது. முப்பத்தொரு ஆண்டுகள் கல்லூரி ஆய்வகத்தில் நிறமாலைமானிகளைத் துடைத்து வைத்தவனுக்கு இது பொறுக்கவில்லை.

இருட்டறையில் சோடியம் ஆவி விளக்கு எரியும். மாணவர்கள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிறமாலைமானியின் சிறு தொலைநோக்கியை மெல்ல நகர்த்துவார்கள். மஞ்சள் கோடு குறுக்குக் கம்பிமேல் வந்து நின்றதும் வெர்னியர் அளவுகோலைப் படிக்க வேண்டும். (பாதிப் பேர் பக்கத்து மேசையின் அளவைப் பார்த்து எழுதுவார்கள், அது வேறு கதை.) அந்தக் கோட்டுக்கு இடம் 589 நானோமீட்டர். எங்கே இருந்தாலும் சோடியத்துக்கு அதே இடம்தான். இடம் பெயர்ந்திருந்தால் அந்தச் சோடியம் நம்மை நோக்கியோ விலகியோ ஓடுகிறது என்று பொருள். வெடிப்பை ஆராய்கிறவர்களின் கையில் இருப்பதும் இதே பாடம்தான்.

2011 ஆகஸ்டு 24 அன்று, சுமார் 2.1 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள எம்101 என்ற விண்மீன் திரளில் ஒரு வெடிப்பை அமெரிக்காவின் பாலோமர் வானாய்வகத்துத் தேடல் குழு கண்டுபிடித்தது. வெடித்து ஒரு நாள்கூட ஆகாத நிலை. அதன் நிறமாலையில் ஹைட்ரஜன் கோடு இல்லை. 615 நானோமீட்டர் பக்கத்தில் ஒரு பள்ளம் இருந்தது. வெண்குள்ள விண்மீன் வெடிப்புகளுக்கெல்லாம் அங்க அடையாளம் அந்தப் பள்ளம்; சிலிக்கன் ஒளியை விழுங்கிய தடம். ஆய்வகத்தில் அதே சிலிக்கன் கோடு 635.5இல் விழும். வித்தியாசம் 20 நானோமீட்டர், ஏறக்குறைய 3 விழுக்காடு. ஒளியின் வேகத்தில் 3 விழுக்காடு என்றால் நொடிக்குச் சுமார் 10,000 கிலோமீட்டர். விண்மீனின் சிதறல் நம் பக்கம் பாய்ந்து வரும் வேகம் அது. பத்தாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு, உங்கள் கட்டுரையில் இல்லை.

சிலிக்கன் அங்கே இருப்பதே ஒரு சாட்சியம். வெண்குள்ள விண்மீனின் உடல் கார்பனும் ஆக்சிஜனும். சூரியனைப்போல் 1.4 மடங்கு எடையுள்ள ஒன்று ஒரே அதிர்வில் முழுதும் வெடித்திருந்தால், அந்த அடர்த்தியில் ஏறக்குறைய எல்லாமே நிக்கலாகவும் இரும்பு இனமாகவும் வெந்து முடிந்திருக்கும். சிலிக்கன் பாதி வெந்த சோறு. அது இவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்றால், முதலில் மெல்ல எரிந்து, விண்மீன் சற்று உப்பிய பிறகு வெடித்திருக்க வேண்டும். அல்லது தொடக்கத்திலேயே அது எடை குறைந்ததாக இருந்திருக்க வேண்டும். நாள்கள் போகப் போக மேலடுக்குகள் மெலிந்து உள்ளே தெரியும். வெடிப்பில் விளைந்த நிக்கல் கோபால்டாகும், கோபால்ட் இரும்பாகும்; அதனால் மாதங்கள் கழித்து எடுத்த நிறமாலைகளில் கோபால்ட் கோடுகள் மங்கிக்கொண்டே வரும், இரும்பின் பங்கு ஏறும்.

இங்குதான் கட்டுரையின் பெரிய தவறு. ‘சந்திரசேகர் எல்லையைத் தாண்டியதும் வெடிக்கும்’ என்று தீர்ப்பாகவே எழுதிவிட்டீர்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த கையோடு, 1930இல் 19 வயதில் கப்பலில் இங்கிலாந்து போகும் வழியில் வானியற்பியலாளர் சந்திரசேகர் போட்ட கணக்கு எனக்கும் பெருமைதான். ஆனால் அந்தக் கணக்கு சொன்னது, இத்தகைய விண்மீன் தாங்கக்கூடிய எடைக்கு ஓர் உச்சம் (சூரியனைப்போல் 1.4 மடங்கு) உண்டு என்பதை. எல்லையை எட்டுவதற்குச் சற்று முன்பே கார்பன் பற்றிக்கொள்ளும் என்பது பழைய விளக்கம். எல்லைக்கு வெகு கீழேயே வெடிப்பவையும் உண்டு என்பது புதியது. மேற்பரப்பில் சேர்ந்த ஹீலியம் முதலில் வெடிக்கிறது, அந்த அதிர்வு உள்ளே குவிந்து மையத்தை வெடிக்க வைக்கிறது என்கிறார்கள். இரண்டு வெடிப்பும் தனித்தனியே கால்சியத்தை விட்டுச் செல்ல வேண்டும். நம் அண்டைத் திரளான பெரிய மெகல்லன் மேகத்தில், சில நூறு ஆண்டுகளுக்கு முன் வெடித்த ஒன்றின் எச்சத்தைச் சிலி நாட்டுப் பெருந்தொலைநோக்கியால் புள்ளி புள்ளியாக நிறமாலை எடுத்துப் பார்த்தார்கள். கால்சியம் இரண்டு தனி ஓடுகளாகவே இருந்தது. 2025 ஜூலையில் வெளியான செய்தி இது. ஒரு வெடிப்புக்குத்தான் இது சாட்சி என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று. 1572 நவம்பரில் டென்மார்க் வானியலாளர் டைக்கோ பிராஹே வெறும் கண்ணால் பார்த்த ‘புதிய விண்மீன்’ பற்றி ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். அதன் பாதிக் கதையைக் காணோம். நிறமாலை என்றால் என்னவென்றே அன்று தெரியாது. அந்த வெடிப்பின் ஒளியில் ஒரு பகுதி, தூசி மேகத்தில் பட்டுத் திரும்பி, 436 ஆண்டுகள் தாமதமாக 2008இல் வந்து சேர்ந்தது. ஹவாயில் உள்ள சுபாரு தொலைநோக்கியில் அதை வாங்கிப் பிரித்தார்கள். அதே சிலிக்கன் பள்ளம். வெடித்தது வெண்குள்ள விண்மீன்தான் என்பது அன்றைக்கு உறுதியாயிற்று.

வாசகர்கள் வரைபடத்தைக் கண்டால் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள் என்று நினைக்கிறீர்கள் போலும். பங்குச் சந்தை வரைபடத்தைத் தினமும் போடுகிறீர்களே! லடாக்கின் ஹான்லேயில் சந்திரசேகர் பெயரையே தாங்கி நிற்கும் 2 மீட்டர் தொலைநோக்கியில், 2014இல் எம்82 திரளில் நிகழ்ந்த வெடிப்பின் நிறமாலைகளை நம்மவர்களே எடுத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்றை வாங்கிப் போடலாம். படத்தின் குறிப்புக்குத் திருத்தமும் வேண்டும்: ‘ஓவியரின் கற்பனை’ என்று. நிறமாலைக்கு அரைப் பக்கம் வேண்டாம், இரண்டு பத்தி அகலம் போதும். சிலிக்கன் பள்ளத்துக்கு நேராக ஓர் அம்புக்குறி போட மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆய்வக உதவியாளர்,
வாணியம்பாடி